அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் ஒரு குழந்தையின் உருவத்தை வரைவேன். "இது உன் உடம்பு. உனக்குப் பிடிக்காமல் யாரும் தொடக் கூடாது. தொட்டால் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்" என்பேன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "வேண்டாம்" என்று கத்துவார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "ஊசி போடும்போது வேண்டாம்னு சொன்னா எங்கம்மா இறுக்கிப் பிடிச்சுக்கிறாங்களே டீச்சர்?"

"அது உன் நல்லதுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். பதில் அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, பாயில் கால்களை நீட்டி உட்கார்ந்து, இரண்டு வயது மகளின் தலையை என் தொடைகளுக்கு நடுவில் வைத்து, அவளுடைய இரு கைகளையும் என் கால்களுக்கு அடியில் அழுத்தி, இமையை விரித்துச் சொட்டு மருந்து விட்டேன். அவளுக்கு அப்போது ஐம்பது சொற்கள் தெரிந்திருந்தால் அதிகம். அவற்றில் மிகத் தெளிவாகச் சொல்ல வந்தது "வேணாம்" என்ற சொல்தான். சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு மருந்துகள், இரண்டு கண்கள், காலையும் இரவும். ஒரு நாளைக்கு எட்டுச் சொட்டுகள். ஆண்டுக்கு 2,920.

பகலில் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு சொல்லை, இரவில் சொந்தப் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டும் கேளாதவளாக இருக்கிறேன். இதற்கு என்ன பெயர்? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விதான்.

*

அவள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றையே. "என்னா கண்ணு! முட்டைக் கண்ணு! முகம் பூராக் கண்ணுதான்." பெண் குழந்தைக்குக் கண் பெரிதாக இருந்தால் அது சொத்து. அத்தை தினமும் திருஷ்டி சுற்றிப் போட்டார். வெளிச்சத்துக்குப் போனால் குழந்தை முகத்தை என் மார்பில் புதைத்துக்கொள்வாள். கண்ணில் சதா நீர் வடியும். "வெக்கப்படுறா பாரு" என்று அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. நான்காவது மாதத்தில் கருவிழி லேசாகப் புகைபடிந்ததுபோல் தெரிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

பிறவிக் கண்நீர் அழுத்த நோய் என்றார்கள். கிளாக்கோமா. கண்ணுக்குள் இடைவிடாமல் ஒரு நீர் சுரக்கிறது. அது வடிந்து வெளியேறும் வழி இந்தக் குழந்தைகளுக்குக் கருவிலேயே சரியாக உருவாவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பெரியவர்களின் கண் அந்த அழுத்தத்தில் விரியாது. கைக்குழந்தையின் கண் சவ்வு இளசு, பலூன்போல் விரிந்து கொடுக்கும். பிறந்த குழந்தைக்குக் கருவிழியின் குறுக்களவு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால் ஆபத்தின் அறிகுறி. என் மகளுக்கு 13. நான்கு மாதம் ஊரே கூடி மெச்சியது ஒரு வீக்கத்தை. அழுத்தம் பார்வை நரம்பை அரித்துக்கொண்டிருந்தது. அரித்த நரம்பு திரும்ப வளராது. பெண்ணின் அழகுக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலுக்குப் பின்னால் நோய் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு பழி வந்தது. கிரகணத்தன்று நான் வெளியே போனது, கர்ப்பத்தில் பப்பாளி தின்றது, ராத்திரி கண் விழித்து விடைத்தாள் திருத்தியது. எதுவும் பொருந்தாதபோது அத்தை சொன்னார், "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்ல. உங்க அம்மா வழியில கேட்டுப் பாரு."

என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, என் அப்பாவின் உடன்பிறந்த அக்கா. நான் அத்தை மகனைக் கட்டியவள். மரபணு ஆலோசனையில் மருத்துவர் ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினார். என் மகளுக்கு வந்த வகையில், பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. எனக்கும் என் கணவருக்கும் பொதுவானவர்கள் ஒரே தாத்தா, ஒரே அப்பத்தா. அந்த இருவரில் ஒருவரிடமிருந்து இரண்டு கிளையாக இறங்கி, எங்கள் கல்யாணத்தில் மறுபடி ஒன்று சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது, அத்தை சொன்ன "எங்க வம்சம்"தான். சொத்து வெளியே போகக் கூடாது என்று செய்த கல்யாணம் அது. என்னை யாரும் கேட்கவில்லை. "உன் நல்லதுக்குத்தான்" என்றார்கள்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தை முன்னால் விரிக்க ஆசையாக இருந்தது. விரிக்கவில்லை. பழியை ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறக்கி இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றுவதில் எனக்கு என்ன லாபம்? அத்தையையும் யாரும் கேட்டுவிட்டுக் கல்யாணம் செய்து வைக்கவில்லை.

*

ஐந்தரை ஆண்டுகளில் வலது கண்ணில் இரண்டு, இடது கண்ணில் மூன்று என ஐந்து அறுவை சிகிச்சைகள். அவற்றையும் சேர்த்துப் பதினேழு முறை மயக்க மருந்து. அழுகிற குழந்தைக்குக் கண்ணழுத்தம் ஏறிக் காட்டும், அளவு பொய்யாகிவிடும். ஆகவே பரிசோதனைக்கே மயக்கம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மயக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கூடாது, நான்கு மணி நேரம் முன்பிருந்து தாய்ப்பால் கூடாது, இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் கூடாது. எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். பால் கட்டிய மார்போடு, பாலுக்கு அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பால் கொடுக்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன். "பச்சப்புள்ள அழுவுது, பால் குடும்மா" என்று பேருந்தே என்னைக் கடிந்துகொண்டது.

அங்கே போனதும் ஒரே வாக்கியம்தான். "அம்மா, அசையாமப் பிடிச்சுக்கங்க." போர்வையில் சுற்றி, தலையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் நிறுத்தி, நான் பிடித்துக்கொள்வேன். மயக்க முகமூடியை வைக்கும்போது அவள் கண்கள் என்னையே பார்க்கும். கடைசியாகப் பார்த்தது தன்னைப் பிடித்திருக்கும் அம்மாவை.

அப்பாக்கள் வெளியே இருப்பார்கள். என் கணவர் மட்டுமல்ல, அந்தத் தாழ்வாரம் முழுக்க அப்படித்தான். "எனக்கு மனசு தாங்காது" என்பார் அவர். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தாங்காதுதான். ஆனால் தாங்காத மனதுக்கு வெளியே நிற்க ஓர் இடம் இருந்தது. எனக்குத் தாங்குகிறதா என்று யாரும் கேட்கவில்லை. தாங்கும் என்று வைத்துக்கொண்டார்கள். தாய்மையைப் போற்றும் பேச்சு எல்லாம் இதற்குத்தான் உதவுகிறது: கடினமான வேலையைத் தாயின் இயல்பு என்று சொல்லிவிட்டால், பிறகு அதை யாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. விளைவு என்னவென்றால், மகளின் நினைவில் வலிக்குத் துணைநிற்கும் கைகள் எப்போதும் அம்மாவுடையவை. வெளியே வந்ததும் பிஸ்கட்டோடு தூக்கிக்கொள்ளும் கைகள் அப்பாவுடையவை.

முதல் அறுவை சிகிச்சைக்கு வேறொரு ஊர் மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தை நிரப்பி நீட்டினேன். "அப்பா வரலையா?" என்றார் மேசைக்காரர். வண்டி நிறுத்தப் போயிருக்கிறார் என்றேன். "வரட்டும்." இருபது நிமிடம் நின்றேன். அவர் வந்து, எந்த மருத்துவர் என்ன செய்யப்போகிறார் என்றுகூடத் தெரியாமல், கையெழுத்துப் போட்டார்.

அந்த மேசைக்காரர் தானாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, "அவருக்குப் பிறகு" தாய் என்கிறது. அதே பிரிவில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பராமரிப்பில் இருக்கும் என்றும் இருக்கிறது. கழுவுவதும் ஊட்டுவதும் தாய், முடிவு தந்தை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், "அவருக்குப் பிறகு" என்பதைத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, அவர் இல்லாத, பொறுப்பேற்காத நிலையிலும் தாயே பாதுகாவலர் என்று பொருள் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனாலும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. தந்தை வண்டி நிறுத்தப் போன இருபது நிமிடத்துக்கு அது எட்டவுமில்லை.

*

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன்.

"உன் நல்லதுக்குத்தான்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மிடையே உண்டா? பத்தாம் வகுப்போடு நிறுத்தியபோது, காதலித்தவளை அறைக்குள் பூட்டியபோது, என்னை அத்தை மகனுக்குக் கொடுத்தபோது எல்லாம் சொன்னது இதைத்தான். பிறகு என் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு நானும் அதையே சொல்கிறேன். என்னுடையது உண்மையான நன்மை, அவர்களுடையது பொய்யான நன்மை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களும் தங்களுடையது உண்மை என்றுதான் நம்பினார்கள். நம்பிக்கை போதாது. வேறு சோதனைகள் வேண்டும்.

எனக்குள் நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்விகள் நான்கு.

முதலாவது, இது யாருடைய நன்மை? நாளை அவள் வளர்ந்து கணக்குக் கேட்டால் அவள் முன் வைக்க என்னிடம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. ஒரு நோட்டு முழுக்க எண்கள். முதல் பரிசோதனையில் அழுத்தம் 28, 32. சிகிச்சைக்குப் பிறகு 14, 16. குடும்ப மானத்துக்கு இப்படி ஒரு நோட்டுப் போட முடியாது.

இரண்டாவது, இதைவிடக் குறைந்த பலவந்தத்தில் இது முடியாதா, முயன்று பார்த்தேனா? இங்கே நான் பலமுறை தோற்றிருக்கிறேன். தூங்கும்போது மெதுவாக இமையைத் திறந்து சொட்டு விடலாம் என்று ஒரு செவிலியர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் ஓராண்டு ஒவ்வோர் இரவும் அழுத்திப் பிடித்திருந்தேன். அந்த ஓராண்டு நியாயமானதல்ல, அவசரம் மட்டுமே.

மூன்றாவது, இந்தப் பலவந்தம் நாளுக்கு நாள் சுருங்குகிறதா? குழந்தையின் மேல் நமக்கிருக்கும் அதிகாரம் தன்னைத்தானே இல்லாமல் ஆக்கிக்கொள்ளும் திசையில் போக வேண்டும். இன்று நான் பிடித்தால் நாளை அவளே தாடையைக் கருவியில் வைத்து உட்கார வேண்டும். பெண்களுக்கான "நல்லது" எதிர்த்திசையில் போவது. அப்பாவிடமிருந்து கணவனுக்கும், கணவனிடமிருந்து மகனுக்கும் கைமாறுமே தவிர, சுருங்காது.

நான்காவது, அவளுடைய "வேண்டாம்" எங்காவது ஜெயிக்கிறதா? எல்லா இடத்திலும் தோற்கிற சொல் கொஞ்ச நாளில் நாக்கில் இருந்தே போய்விடும்.

இந்த நாலாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அமெரிக்கத் தத்துவவாதி சாரா ரட்டிக், தாய்மை என்பது உணர்ச்சி மட்டுமல்ல, ஒரு சிந்தனை முறை என்று வாதிட்டு 1989-இல் ஒரு நூல் எழுதினார். குழந்தை தாயிடம் கோருவன மூன்று என்கிறார்: உயிரையும் உடலையும் காப்பது, வளர்ச்சிக்கு இடம் கொடுப்பது, சமூகம் ஏற்கும்படி உருவாக்குவது. மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இந்தப் பிரிப்பு எனக்குப் பயன்பட்டது. என் மகளின் இடது கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. போன ஆண்டு உறவில் ஒரு கல்யாணம். "போட்டோ எடுக்கும்போது கண்ணாடியக் கழட்டு, அந்தக் கண்ணு தெரியாம இந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றார் சித்தி. மகள் மாட்டேன் என்றாள். "பொட்டப்புள்ள, நாளைக்கு வேணுமில்ல" என்று சித்தி என்னைப் பார்த்தார். ஒரு கணம் என் கை கண்ணாடியை நோக்கிப் போனது. பழகிய கை. பிறகு நிறுத்திக்கொண்டேன். அழுத்தத்தைக் குறைக்க அவளைப் பிடிப்பது காப்பது. தழும்பை மறைக்கத் திருப்புவது ஊருக்காக. முதலாவதில் அவள் "வேண்டாம்" தோற்கலாம்; இரண்டாவதில் தோற்கக் கூடாது. படத்தில் அவள் கண்ணாடியோடு நேராகப் பார்க்கிறாள்.

*

பிடித்ததைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். அதை அவளுடைய பொம்மையிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

மூன்று வயதில் அவள் பொம்மையைப் படுக்க வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, மார்க்கர் பேனாவால் கண்ணில் குத்திக்கொண்டே சொன்னாள்: "வலிக்காது, வலிக்காது, வலிக்கவே வலிக்காது." என் குரல். என் இழுவை.

அவளுக்குப் போடும் மருந்துகளில் ஒன்று கண்ணில் விட்டால் எரியும். அது எனக்குத் தெரியும். ஒரு நாள் என் கண்ணில் தெறித்திருக்கிறது. இருந்தும் மூன்று ஆண்டுகள் வலிக்காது என்றே சொல்லியிருக்கிறேன். கைகளைப் பிடித்தபோது அவள் அசைவைத்தான் பறித்தேன். வலிக்காது என்று சொன்னபோது, அவளுக்கு வலிக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையையே பறித்தேன். தன் உடல் சொல்வது உண்மையா, அம்மா சொல்வது உண்மையா? மூன்று வயதுக் குழந்தை அம்மாவைத்தான் நம்பும். "இதெல்லாம் ஒரு வலியா" என்று மாதவிடாயிலும் பிரசவத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாடத்தின் முதல் வகுப்பை நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாற்றிக்கொண்டேன். "எரியும். பத்து எண்ணுறதுக்குள்ள குறைஞ்சிரும். அழணும்னா அழு." கேட்டு முடிவெடுக்கப் போவதில்லை என்றால் கேட்பதில்லை என்றும் வைத்துக்கொண்டேன். "மருந்து விடலாமா?" என்பது கேள்வியே அல்ல, அவள் வேண்டாம் என்றாலும் விடத்தான் போகிறேன். "எந்தக் கண் முதல்ல?" என்பது கேள்வி. அதற்கு அவள் சொன்னதுதான் நடக்கும். விட்ட பிறகு மூக்கோரத்தில் விரலால் ஒரு நிமிடம் அழுத்த வேண்டும், மருந்து உள்ளே இறங்காமல் இருக்க. இப்போது அதை அவளே அழுத்திக்கொள்கிறாள்.

உண்மையைச் சொன்னதும் எல்லாம் எளிதாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. முதல் முறை முந்தின நாளே, "நாளைக்கு மயக்கம் கொடுப்பாங்க, பசிக்கும், முகமூடி வாடை பிடிக்காது" என்று சொன்னபோது அவள் இரவெல்லாம் அழுதாள். பேருந்தில் மூன்று மணி நேரமும் அழுதாள். என் கணவருக்குக் கோபம். "சொல்லாம இருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பால்ல?" உண்மை. யாருடைய நிம்மதி என்பதுதான் பாக்கி. அன்று முதல் முறையாக, "இன்னிக்கு நீங்க பிடிங்க மச்சான்" என்றேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. பிஸ்கட் பாக்கெட்டை நான் வைத்திருந்தேன். மகள் அன்று என்னிடம்தான் தாவி வந்தாள். அதில் எனக்கு மகிழ்ச்சி இருந்தது என்பதையும், அது அவ்வளவு நல்ல மகிழ்ச்சி அல்ல என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதன் பிறகு முறை வைத்துக்கொண்டோம். ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நியாயமான காரியத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று தோழி ஒருத்தி கேட்டாள். பரிசோதனை முடிந்து மகளிடம் "உன்னைப் பிடிச்சதுக்கு மன்னிச்சுக்கோ" என்று நான் சொல்வதைக் கேட்டவள் அவள். காரியம் நியாயம்தான், மறுபடியும் செய்வேன். ஆனால் நியாயமாக இருப்பதால் அவள் உடம்புக்கு நேர்ந்தது நேராததாகிவிடாது. மன்னிப்புக் கேட்பது, நான் செய்தது எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்வது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் விருப்பம். சில நாள் "மாட்டேன்" என்பாள்.

இந்த ஆண்டும் மூன்றாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை எடுத்தேன். யாரும் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை; நானே சொன்னேன். "சில நேரம் டாக்டர்கிட்ட நீங்க வேண்டாம்னு சொன்னாலும் அம்மா அப்பா பிடிச்சுக்குவாங்க. அப்பவும் வேண்டாம்னு சொல்றது தப்பில்ல. எதுக்குப் பிடிச்சீங்கன்னு கேளுங்க. அவங்க உங்களுக்குப் பதில் சொல்லணும்."

ஒரு பையன் கையைத் தூக்கினான். "சொல்லலேன்னா டீச்சர்?"

"என்கிட்ட வந்து சொல்லு" என்றேன். மணி அடித்துவிட்டது.